ஃபிலிம் கேமராவில் முதல் ரோல்: லேபிலிருந்து தொடங்குங்கள்

ஃபிலிமில் படமெடுக்க ஆசைப்படுகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எந்தக் கேமரா வாங்கலாம்?" என்பதுதான். கேமரா வாங்குவது சுலபம். பணம் கொடுத்தால் கிடைத்துவிடும். ரோல் போட்டு 36 படமும் எடுத்து முடித்த பிறகுதான் அலைச்சல் ஆரம்பிக்கிறது. இதை யார் கழுவுவார்கள், எவ்வளவு கேட்பார்கள், எத்தனை நாளில் தருவார்கள், நெகட்டிவைத் திருப்பித் தருவார்களா? நான் அந்த அலைச்சலை நன்றாகவே பட்டுவிட்டேன். அதனால் இந்த வழிகாட்டி பின்னாலிருந்து முன்னால் வருகிறது. முதலில் லேப், அப்புறம் ஃபிலிம், அதன் பிறகுதான் கேமரா. உங்களுக்குக் கேமரா கையில் இருந்தாலும் பரவாயில்லை, முதல் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள்.

1. கழுவித் தரும் லேபைக் கண்டுபிடியுங்கள்

ஃபிலிமைக் கழுவுவதில் இன்று புழக்கத்தில் இருப்பவை பெரும்பாலும் மூன்று முறைகள். சாதாரணக் கலர் நெகட்டிவுக்கு சி-41. ஸ்லைடு ஃபிலிமுக்கு (நெகட்டிவாக இல்லாமல் நேராகவே படமாக வரும் ஃபிலிம்) இ-6. மூன்றாவது கறுப்பு-வெள்ளை. சி-41 எங்கும் ஒரே மாதிரிதான்: 38 டிகிரி செல்சியஸ் வெப்பம், டெவலப்பரில் (பிம்பத்தை வெளிக்கொண்டுவரும் ரசாயனம்) 3 நிமிடம் 15 விநாடி, எந்தக் கம்பெனி ஃபிலிமாக இருந்தாலும் அதே கணக்கு. அதனால் எந்திரத்தில் போட்டுவிடலாம், வேகமாகவும் முடியும். கறுப்பு-வெள்ளையில் ஒவ்வொரு ஃபிலிமுக்கும் ஒவ்வொரு டெவலப்பருக்கும் நேரம் மாறும். பல இடங்களில் கையால்தான் கழுவுகிறார்கள், எனவே நாளும் கூலியும் கூடும். இ-6 செய்யும் லேப் இன்னும் குறைவு. போதுமான ரோல்கள் சேரும்வரை காத்திருந்து மொத்தமாகக் கழுவுவார்கள். "ஒரு வாரம்" என்று சொன்னால் அது ரோல்கள் சேர்ந்த நாளிலிருந்து ஒரு வாரமா, நீங்கள் கொடுத்த நாளிலிருந்தா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

லேபிடம் பேசும்போது இவற்றைக் கேளுங்கள்:

- எந்தெந்த முறைகளில் கழுவுகிறீர்கள்? அங்கேயே கழுவுகிறீர்களா, வேறு லேபுக்கு அனுப்புகிறீர்களா?
- கழுவுவதற்கு மட்டும் எவ்வளவு, ஸ்கேனோடு சேர்த்து எவ்வளவு?
- ஸ்கேன் எத்தனை பிக்ஸல் அளவில் வரும்?
- நெகட்டிவைத் திருப்பித் தருவீர்களா? எத்தனை நாள் வைத்திருப்பீர்கள்?
- தபாலில் அனுப்பினால் ஏற்றுக்கொள்வீர்களா? திருப்பி அனுப்பும் செலவு யாருடையது?

நான்காவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். ஸ்கேனை மட்டும் மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, சில வாரங்களில் நெகட்டிவைக் குப்பையில் போடும் லேப்கள் உண்டு. எனக்கு அப்படி ஒரு ரோல் போயிற்று. கேட்டபோது, ரசீதின் பின்பக்கத்தைப் படிக்கச் சொன்னார்கள். பொடி எழுத்தில் இருக்கத்தான் செய்தது. ஸ்கேன் கெட்டால் நெகட்டிவிலிருந்து மறுபடி எடுக்கலாம், நெகட்டிவ் போனால் எல்லாம் போச்சு.

2. ஒரு படத்துக்கு என்ன செலவு என்று கணக்குப் போடுங்கள்

ரோலின் விலை, கழுவும் கூலி, ஸ்கேன் கூலி, போக்குவரத்து அல்லது தபால், இந்த நான்கையும் கூட்டி 36-ஆல் வகுங்கள். அதுதான் நீங்கள் ஒருமுறை ஷட்டரை அழுத்துவதற்கான விலை. கேமரா விலையை இதில் சேர்க்காதீர்கள், அது ஒருமுறைச் செலவு. கழுவி ஸ்கேன் செய்யும் கூலி பல இடங்களில் ரோலின் விலையை நெருங்கும், சில இடங்களில் அதைத் தாண்டும். மாதம் இரண்டு ரோல் என்று வைத்து ஒரு வருடத்துக்குப் போட்டுப் பாருங்கள். சாதாரணக் கேமரா ஒன்று வாங்கினால் அதன் விலையை இந்தத் தொகை சீக்கிரமே முந்திவிடும். கேமராவில் கொஞ்சம் குறைத்துக்கொண்டு ரோலுக்கு ஒதுக்குங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

செலவைக் குறைக்க மூன்று வழிகள் உண்டு. ரோல்களைச் சேர்த்து ஒரே தபாலில் அனுப்பலாம். கறுப்பு-வெள்ளையை வீட்டிலேயே கழுவலாம், அதைக் கடைசியில் சொல்கிறேன். அல்லது 36 படம் வரும் ரோலில் 72 படம் எடுக்கும் அரை ஃப்ரேம் கேமரா வாங்கலாம். பென்டாக்ஸ் 2024-இல் புதிதாகவே தயாரித்து விற்பனைக்குக் கொண்டுவந்த பென்டாக்ஸ் 17 அந்த வகைதான். ஆனால் 72 படத்தை ஸ்கேன் செய்ய அதிகக் கூலி கேட்கும் லேப்கள் உண்டு. சில லேப்களில் இரண்டிரண்டு படமாக ஒட்டித்தான் ஸ்கேன் வரும். மிச்சம் பிடித்தது அங்கேயே கரைந்துவிடக் கூடாது, முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

3. ஃபிலிம் வாங்குதல்

முதல் ரோலுக்கு 35 மில்லிமீட்டர், ஐஎஸ்ஓ 400 (ஃபிலிம் வெளிச்சத்தை எவ்வளவு உணர்கிறது என்ற எண்), கலர் நெகட்டிவ். யோசிக்கவே வேண்டாம். பகல், நிழல், ஜன்னலோர வெளிச்சம் மூன்றுக்கும் ஈடுகொடுக்கும். கோடாக் அல்ட்ராமேக்ஸ் 400 போதும். வெயிலில் மட்டுமே எடுப்பதாக இருந்தால் கோடாக் கோல்டு 200. போர்ட்ரா 400 அருமையான ஃபிலிம்தான், ஆனால் கேமரா ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்கும் ரோலில் அதைப் போடுவது வீண்செலவு.

கறுப்பு-வெள்ளைக்கு இல்ஃபோர்ட் எச்பி5 பிளஸ், கோடாக் ட்ரை-எக்ஸ் 400 இரண்டும் தவறை மன்னிக்கும் ஃபிலிம்கள். விலை குறைவாக வேண்டுமென்றால் ஃபோமாபான், கென்ட்மியர். உங்கள் பக்கத்து லேபில் சி-41 மட்டும்தான் என்றால் இல்ஃபோர்ட் எக்ஸ்பி2 சூப்பர் வாங்குங்கள். அது கறுப்பு-வெள்ளை ஃபிலிம், கலர் எந்திரத்தில் கழுவலாம்.

ஸ்லைடு ஃபிலிமை முதல் சில ரோல்களுக்குத் தள்ளிவையுங்கள். 2012-இல் நிறுத்திய எக்டாகுரோமை கோடாக் 2018-இல் மறுபடி கொண்டுவந்ததில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் வெளிச்சக் கணக்கில் அரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இருமடங்காவது அல்லது பாதியாவது) பிசகினாலும் அது காட்டிக்கொடுத்துவிடும்.

இதில் மூன்று பொறிகள்.

முதலாவது, காலாவதியான ரோல். பெட்டியில் தேதி இருக்கும். தேதி தாண்டிய ரோலை "நிறம் வித்தியாசமாக வரும்" என்று கூடுதல் விலைக்கே விற்கிறார்கள். எங்கே, எந்தச் சூட்டில் கிடந்தது என்று யாருக்கும் தெரியாது. கற்றுக்கொள்ளும் காலத்தில் வேண்டாம். படம் சரியில்லை என்றால் பிழை உங்களுடையதா, கேமராவுடையதா, ஃபிலிமுடையதா என்று கண்டுபிடிக்க முடியாமல் போகும்.

இரண்டாவது, பழைய கோடாக்ரோம். பார்க்க அழகான பெட்டி. அதன் உற்பத்தியை கோடாக் 2009-இல் நிறுத்தியது, அதற்கான கே-14 ரசாயனமும் பின்னாலேயே போய்விட்டது. இன்று அதை எந்த லேபும் கலரில் கழுவித் தராது. அலமாரியில் வைக்க மட்டும் வாங்கலாம்.

மூன்றாவது, சினிமா ஃபிலிமை வெட்டிச் சின்ன ரோலாகச் சுற்றி விற்பது. கோடாக் விஷன்3 வகை ஃபிலிம்கள் பலவற்றின் முதுகில் ரெம்ஜெட் என்ற கரி அடுக்கு இருக்கும். அதைச் சாதாரண சி-41 எந்திரத்தில் விட்டால் கரி கரைந்து மற்றவர்களின் ரோலையும் கெடுத்துவிடும். லேப்காரர் உங்கள் முகத்தில் விழிக்கமாட்டார். வாங்குமுன் "இதில் ரெம்ஜெட் இருக்கிறதா, எந்த முறையில் கழுவ வேண்டும்?" என்று விற்பவரிடம் கேளுங்கள். இருந்தால், சினிமா ஃபிலிமுக்கான ஈசிஎன்-2 முறையில் கழுவும் லேப் உங்களுக்கு வேண்டும். சினிஸ்டில் 800டி போன்றவற்றில் அந்த அடுக்கை நீக்கித்தான் விற்கிறார்கள், அதனால் சி-41 போதும்.

வாங்கிய ரோலைக் குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்தால் எடுத்த உடனே வெளி டப்பாவைத் திறக்காதீர்கள், ஈரம் படியும். அறைச் சூட்டுக்கு வர ஒன்றிரண்டு மணி நேரம் கொடுங்கள்.

4. இப்போது கேமரா

ஆரம்பிக்கிறவர்களுக்கு என் சிபாரிசு இரண்டு வகைதான்.

ஒன்று, பேட்டரி இல்லாமலும் ஷட்டர் வேலை செய்யும் மெக்கானிக்கல் எஸ்எல்ஆர் (லென்ஸ் வழியாகவே பார்த்து எடுக்கும் கேமரா). பென்டாக்ஸ் கே1000, நிக்கான் எஃப்எம்2, ஒலிம்பஸ் ஓஎம்-1 எல்லாம் இந்த வகை. பேட்டரி, வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டருக்கு மட்டும்தான். கெட்டால் சரிசெய்ய மெக்கானிக் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

இரண்டாவது, 1990-களிலும் 2000 வாக்கிலும் வந்த ஆட்டோஃபோகஸ் எஸ்எல்ஆர்கள். கேனான் இஓஎஸ் 300, நிக்கான் எஃப்80 போன்றவை. பிளாஸ்டிக் உடம்பு, படத்தில் போட்டுக் காட்ட லாயக்கில்லாத முகம். அதனாலேயே விலை குறைவு. உள்ளே இருக்கும் மீட்டர் எந்தப் பழைய மெக்கானிக்கல் கேமராவையும்விடத் துல்லியமானது. உங்களிடம் ஏற்கெனவே கேனான் டிஜிட்டல் கேமராவும் இஎஃப் லென்ஸும் இருந்தால் அதே லென்ஸ் இதில் பொருந்தும் (இஎஃப்-எஸ் லென்ஸ்கள் பொருந்தாது). கற்றுக்கொள்ள இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை.

ஒதுக்கவேண்டியது, பெயர்பெற்ற சின்ன ஆட்டோமேட்டிக் கேமராக்கள். ஒலிம்பஸ் மியூ II, கான்டாக்ஸ் டி2 மாதிரி. படம் நன்றாக வரும், மறுக்கவில்லை. ஆனால் உள்ளே முழுக்க எலெக்ட்ரானிக்ஸ். ஒருநாள் நின்றுபோனால் உதிரிப் பாகம் கிடைப்பது மிகக் கடினம்.

பழைய கேமராவை வாங்குமுன் கையில் வைத்துப் பார்க்கவேண்டியவை:

- லென்ஸைக் கழற்றி, அதன் வழியே டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி இழை ஓடினால் அது பூஞ்சை. ஓரிரு தூசி இருந்தால் கவலை இல்லை, பூஞ்சை இருந்தால் வாங்காதீர்கள்.
- லென்ஸில் வெளிச்சம் புகும் துளையான அப்பர்ச்சரின் இதழ்கள் காய்ந்து இருக்கவேண்டும். எண்ணெய் மினுமினுத்தால் மூடித் திறப்பது தாமதமாகும்.
- பின்கதவைத் திறந்து, ஷட்டரை எல்லா வேகத்திலும் ஓடவிடுங்கள். 1 விநாடி உண்மையிலேயே 1 விநாடியா என்று காதால் கேளுங்கள். மெதுவான வேகங்களில் இழுத்துக்கொண்டு நின்றால், உள்ளே எண்ணெய் உறைந்திருக்கிறது என்று அர்த்தம்.
- கதவு ஓரத்தில் கறுப்பு நுரைப்பட்டை இருக்கும். தொட்டால் பிசுபிசுவென்று கையில் ஒட்டினால் மாற்றவேண்டும். மலிவான வேலை, நீங்களே செய்யலாம். இதைக் காட்டி விலையைக் குறைக்கச் சொல்லுங்கள்.
- பேட்டரி அறையின் மூடியைத் திறந்து பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருக்கிறதா பாருங்கள்.

"டெஸ்ட் செய்யப்பட்டது" என்ற சொல்லை நம்பாதீர்கள். பெரும்பாலும் ஷட்டர் சத்தம் கேட்டது என்பதுதான் அதன் பொருள். "இந்தக் கேமராவில் எடுத்த ரோலைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். காட்ட முடியாதவரிடம், ஒரு ரோல் எடுத்துப் பார்க்கும்வரை திருப்பிக் கொடுக்கலாம் என்று எழுத்தில் வாங்குங்கள். லேபில் கழுவி வர ஆகும் நாளையும் சேர்த்து அவகாசம் கேளுங்கள். ஏழு நாள் அவகாசம், லேபில் பத்து நாள் என்றால் அந்த உத்தரவாதத்தால் பிரயோஜனம் இல்லை. ரசீதில் கேமராவின் சீரியல் நம்பர் இருக்கட்டும்.

5. பேட்டரியும் கையேடும்

1960, 70-களின் கேமராக்கள் பல, 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காக வடிவமைக்கப்பட்டவை. பாதரசம் தடைசெய்யப்பட்டதால் அந்த பேட்டரி இன்று வருவதில்லை. அதே அளவில் கிடைக்கும் அல்கலைன் பேட்டரி 1.5 வோல்ட். போட்டால் மீட்டர் முள் ஆடும், எல்லாம் சரி என்று தோன்றும், ஆனால் அளவு தப்பாகக் காட்டும். காதுக் கருவிக்குப் போடும் 675 ஜிங்க்-ஏர் பேட்டரி 1.4 வோல்ட், பாதரசத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். ஒரு சின்ன வளையம் வைத்துப் பொருத்தலாம். சில மாதங்களில் காய்ந்துபோகும், அவ்வளவுதான் குறை. நிரந்தரமாக வேண்டுமென்றால், சில்வர் ஆக்ஸைடு பேட்டரிக்கு ஏற்ற மாதிரி மீட்டரை மெக்கானிக்கிடம் திருத்திக்கொள்ளலாம்.

கையேட்டை இணையத்தில் தேடி இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பழைய மாடல்கள் அநேகமாக எல்லாவற்றுக்கும் கிடைக்கும். பேட்டரி எண்ணும் ரீவைண்ட் செய்யும் முறையும் அதில்தான் சரியாக இருக்கும்.

6. ரோல் போடுதல்

முதலில் கேமரா காலியாக இருக்கிறதா பாருங்கள். ரீவைண்ட் குமிழை மெதுவாகச் சுற்றினால் இறுக்கம் தெரிகிறதா? தெரிந்தால் உள்ளே யாரோ விட்டுப்போன ரோல் இருக்கிறது, கதவைத் திறக்காதீர்கள்.

ரோலை வைத்து, நுனியை இழுத்து, எதிர்ப்பக்க உருளையின் பிளவில் செருகுங்கள். இருபக்க ஓட்டைகளும் பல்லில் மாட்டியதைக் கண்ணால் பார்த்த பிறகே கதவை மூடுங்கள். மூடியபின் ரீவைண்ட் குமிழை லேசாகச் சுற்றித் தொய்வை எடுத்துவிட்டு, ஒவ்வொரு முறை ஃபிலிமை நகர்த்தும்போதும் அந்தக் குமிழ் தானாகச் சுழல்கிறதா பாருங்கள். சுழன்றால் ஃபிலிம் நகர்கிறது. சுழலாவிட்டால் ரோல் மாட்டவில்லை. படம் எண்ணும் முள் 36-ஐத் தாண்டி 38, 39 என்று போய்க்கொண்டே இருந்தால் சந்தோஷப்படாதீர்கள், அப்போதும் இதே கதைதான்.

அப்புறம் ஐஎஸ்ஓ டயலை ஃபிலிமுக்கு ஏற்ப வையுங்கள். பின்னால் வந்த கேமராக்கள் ரோலின் உலோக டப்பா மேல் இருக்கும் டிஎக்ஸ் கோடை (ஐஎஸ்ஓவைச் சொல்லும் கட்டக் குறியீடு) படித்துத் தானாக வைத்துக்கொள்ளும். அந்தக் குறியீடு இல்லாத ரோலைப் போட்டால் பல கேமராக்கள் ஐஎஸ்ஓ 100 என்று எடுத்துக்கொள்ளும்.

7. வெளிச்சம்

கலர் நெகட்டிவுக்கு ஒரே விதி: சந்தேகம் வந்தால் வெளிச்சத்தைக் கூட்டுங்கள். ஒரு ஸ்டாப், இரண்டு ஸ்டாப் கூடினாலும் படம் வரும். குறைந்தால் நிழல் பகுதியில் ஒன்றுமே பதிவாகாது. பதிவாகாததை ஸ்கேனில் மீட்கவும் முடியாது, மண்ணிறக் குருணைதான் மிஞ்சும். டிஜிட்டலில் வெள்ளை எரிந்துவிடக் கூடாது என்று குறைத்தே எடுத்துப் பழகியவர்கள் இங்கே நேர்மாறாக மாறவேண்டும். ஸ்லைடு மட்டும் டிஜிட்டல் மாதிரி, அதில் வெள்ளையைக் காப்பாற்றுங்கள்.

மீட்டர் இல்லையென்றால் செல்பேசியில் லைட் மீட்டர் செயலி போதும். அதுவும் இல்லாத நேரத்துக்கு ஒரு பழைய கணக்கு: நல்ல வெயிலில் அப்பர்ச்சரை எஃப்/16-இல் வைத்து, ஷட்டர் வேகத்தை ஐஎஸ்ஓ எண்ணுக்குப் பக்கத்தில் வையுங்கள். ஐஎஸ்ஓ 400 என்றால் 1/500. லேசான மேகம் எஃப்/11, மூடிய வானம் எஃப்/8, கனத்த மேகம் எஃப்/5.6, வெயில் நாளில் திறந்த நிழல் எஃப்/4. கையில் பிடித்து எடுக்கும்போது 50 மில்லிமீட்டர் லென்ஸில் 1/60-க்குக் கீழே போகாதீர்கள்.

சின்ன நோட்டு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். படத்தின் எண், அப்பர்ச்சர், வேகம், வெளிச்சம் எப்படி இருந்தது, இவ்வளவு போதும். முதல் இரண்டு மூன்று ரோலுக்காவது எழுதுங்கள். ஃபிலிமில் இந்த விவரம் எதுவும் பதிவாகாது. படம் கைக்கு வரும்போது எப்படி எடுத்தோம் என்று மறந்திருக்கும்.

8. ரோல் முடிந்ததும்

ஃபிலிமை நகர்த்தும் நெம்புகோல் இறுகி நின்றால் ரோல் முடிந்துவிட்டது. பலம் கொடுத்து இழுத்தால் ஃபிலிம் கிழியும். கேமராவின் அடியில் இருக்கும் சின்ன ரீவைண்ட் பொத்தானை அழுத்தி, குமிழைச் சுற்றி, ஃபிலிம் முழுவதையும் டப்பாவுக்குள் திரும்ப அனுப்புங்கள். இறுக்கம் சட்டென்று விட்டுப்போகும் வரை சுற்றவேண்டும். அதற்குப் பிறகே கதவு. நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மடித்துவிடுங்கள் அல்லது முழுதாக உள்ளே இழுத்துவிடுங்கள். எடுத்த ரோலைப் புதுசு என்று நினைத்து மறுபடி போடுவது அடிக்கடி நடப்பதுதான்.

ரோலை இழுப்பறையில் மாதக்கணக்கில் போட்டு வைக்காதீர்கள். கழுவாத ஃபிலிமில் பதிந்த பிம்பம் நாள்பட மங்கும், சூட்டில் இன்னும் வேகமாக. சில வாரங்களுக்குள் கழுவிவிடுவது நல்லது.

விமானப் பயணம் என்றால் ஃபிலிமை லக்கேஜில் போடவே கூடாது. அந்த ஸ்கேனர்களின் கதிர் பலமானது. கைப்பையில் வைத்து, கையால் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். இப்போது பல விமான நிலையங்களில் கைப்பைக்கும் பல கோணத்தில் எக்ஸ்ரே எடுக்கும் சிடி வகை ஸ்கேனர் வந்துவிட்டது, அது குறைந்த ஐஎஸ்ஓ ஃபிலிமையும் கெடுக்கும். ரோல்களை வெளி பிளாஸ்டிக் டப்பாக்களிலிருந்து எடுத்து ஒளி ஊடுருவும் பையில் போட்டு வைத்தால் சோதிப்பவருக்கும் வேலை சுலபம், வரிசைக்குச் சற்று முன்னதாகவே போங்கள். கேட்டாலும் மறுத்துவிடும் இடங்கள் உண்டு. நீண்ட பயணத்தில் ஊர் திரும்புமுன் போன இடத்திலேயே கழுவிவிடுவது பாதுகாப்பு. கழுவிய ஃபிலிமுக்கு எக்ஸ்ரேயால் எதுவும் ஆகாது.

9. லேபில் எழுதித் தரவேண்டியவை

வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வராதீர்கள். படிவம் இருந்தால் நிரப்புங்கள், இல்லையென்றால் ஒரு தாளில் எழுதி ரோலோடு கட்டிக் கொடுங்கள்: ஃபிலிமின் பெயர், கழுவும் முறை, எந்த ஐஎஸ்ஓவில் எடுத்தீர்கள், ஸ்கேன் அளவு, நெகட்டிவ் திரும்ப வேண்டும் என்ற வரி. ஐஎஸ்ஓ 400 ஃபிலிமை முழுக்க 1600-இல் வைத்து எடுத்திருந்தால் "2 ஸ்டாப் புஷ்" (டெவலப்பரில் கூடுதல் நேரம் வைத்துக் கழுவுவது) என்று பெரிதாக எழுதுங்கள். அதற்குத் தனிக் கூலி உண்டு. புஷ் முழு ரோலுக்கும்தான், நடுவில் மாற்றமுடியாது.

ஸ்கேனில் நீளப் பக்கம் 3000 பிக்ஸல் இருந்தால் 10 அங்குலப் பிரிண்ட் வரை நன்றாகவே வரும். எல்லா ரோலுக்கும் பெரிய ஸ்கேன் வாங்குவது அனாவசியம். சின்னதில் பார்த்துவிட்டு, பிடித்த நாலு படத்தை மட்டும் பெரிதாகக் கேளுங்கள். நெகட்டிவை ஆறு ஆறு படமாக வெட்டி உறையில் போட்டுத் தரச் சொல்லுங்கள். நீங்களே உறை வாங்குவதானால் பாலிபுரோப்பிலீன் உறை பாருங்கள், பிவிசி உறை நாள்பட ஃபிலிமோடு ஒட்டும். உறைமேல் மாதமும் வருடமும் எழுதி, அதே பெயரில் கணினியில் ஃபோல்டர் போட்டுவிட்டால் பின்னால் தேடி அலையவேண்டாம்.

10. முதல் ரோலைப் படிப்பது எப்படி

ஸ்கேன் மோசமாக இருந்தால் உடனே லேபைத் திட்டவோ கேமராவை விற்கவோ கிளம்பாதீர்கள். நெகட்டிவை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஓரத்தில் தொழிற்சாலையிலேயே பதித்த எண்களும் ஃபிலிமின் பெயரும் இருக்கும். அவைதான் சாட்சி.

ஓர எழுத்து தெளிவாக இருந்து, படம் இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருந்தால், கழுவியதில் கோளாறு இல்லை. ஃபிலிம் நகரவில்லை, அல்லது ஷட்டர் திறக்கவில்லை. ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா (லென்ஸ் வழியாக அல்லாமல் தனி ஜன்னல் வழியாகப் பார்ப்பது) என்றால் லென்ஸ் மூடியையும் சந்தேகிக்கலாம், வ்யூஃபைண்டரில் அது தெரியாது. ஓர எழுத்தே இல்லாமல் மொத்தமும் வெறுமையாக இருந்தால் கழுவியதில்தான் தவறு, லேபிடம் தைரியமாகப் பேசலாம். மொத்த ஃபிலிமும் கறுத்திருந்தால் எங்கோ வெளிச்சம் பட்டுவிட்டது. ஓர எழுத்து நன்றாக இருந்து படங்கள் மட்டும் மெலிந்து வெளிறித் தெரிந்தால் வெளிச்சம் போதவில்லை, பேட்டரியையும் ஐஎஸ்ஓ டயலையும் பாருங்கள்.

ஸ்கேனில் ஆரஞ்சு நிறக் கீற்று பல படங்களில் ஒரே இடத்தில் வந்தால் கதவின் நுரைப்பட்டை. படங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் ஃபிலிமை நகர்த்தும் பல்சக்கரத்தில் தேய்மானம். 1/500, 1/1000 வேகங்களில் மட்டும் ஒருபக்கம் இருண்டிருந்தால் ஷட்டர் திரைகள் சீராக ஓடவில்லை. அதுவரை 1/250-க்குள் எடுத்துக்கொண்டு, மெக்கானிக்கைத் தேடலாம். முன்னே நோட்டில் எழுதச் சொன்னேனே, அதற்கு இங்கேதான் பலன்.

11. வீட்டில் கழுவுவது

கறுப்பு-வெள்ளை என்றால் தாராளமாகச் செய்யலாம், தனி இருட்டறை தேவையில்லை. வெளிச்சம் புகாத பை ஒன்று, டேங்க், ரீல், தெர்மாமீட்டர், அளவுக் குவளை, டெவலப்பர், அதன் வேலையை நிறுத்தும் ஸ்டாப் பாத், பிம்பத்தை நிலைப்படுத்தும் ஃபிக்ஸர். மாதம் இரண்டு ரோலுக்குமேல் எடுப்பவருக்குக் கருவிச் செலவு சீக்கிரமே திரும்பிவிடும். எப்போதாவது ஒரு ரோல் எடுப்பவருக்கு லாபம் இல்லை, கலக்கிய ரசாயனம் அதற்குள் கெட்டுவிடும். பாட்டிலில் கலக்கிய தேதியை எழுதி ஒட்டுங்கள்.

ரீலில் ஃபிலிமை ஏற்றுவதுதான் கஷ்டமான ஒரே கட்டம். வீணான ரோல் ஒன்றை வைத்து முதலில் வெளிச்சத்தில், பிறகு கண்ணை மூடி, அப்புறம் பைக்குள் பழகுங்கள். ரீல் எலும்பு மாதிரி காய்ந்திருக்கவேண்டும், ஈரம் இருந்தால் ஃபிலிம் பாதியில் சிக்கும். சிக்கினால் பதறிப் பையைத் திறக்காதீர்கள். ஃபிலிமையும் ரீலையும் டேங்கில் போட்டு மூடிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஆரம்பிக்கலாம்.

எச்பி5 பிளஸை ஐடி-11 டெவலப்பரில் தண்ணீர் சேர்க்காமல் கழுவினால் 20 டிகிரியில் 7.5 நிமிடம். மற்ற ஃபிலிம்களுக்குத் தயாரிப்பாளரின் தகவல் தாளில் பாருங்கள். சூடு கூடினால் நேரம் குறையும். 5 நிமிடத்துக்குக் கீழே வரும் கணக்கைத் தவிருங்கள், சீராக வராது. ஃபிக்ஸர் உயிரோடு இருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் சோதிப்பது நல்லது: ஃபிலிமின் வெட்டிய நுனியை அதில் போட்டு, அது ஒளி ஊடுருவும்படி தெளிய எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். அதன் இருமடங்குதான் நீங்கள் ஃபிக்ஸரில் வைக்கவேண்டிய நேரம். கடைசிக் கழுவலுக்குக் குழாயைத் திறந்துவிட்டபடி நிற்கவேண்டாம். இல்ஃபோர்ட் சொல்லும் முறையில் டேங்கில் தண்ணீர் நிரப்பி 5 தடவை கவிழ்த்துக் கொட்டி, மறுபடி நிரப்பி 10 தடவை, கடைசியாக 20 தடவை. அவ்வளவே போதும்.

பயன்படுத்திய ஃபிக்ஸரில் வெள்ளி கரைந்திருக்கும். சாக்கடையிலோ செடிக்கோ ஊற்றாதீர்கள். கேனில் சேர்த்து வைத்து, அடுத்த கலர் ரோலைக் கொடுக்கப் போகும்போது லேபில் எடுத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள். வெள்ளியைப் பிரித்தெடுக்கும் வசதி உள்ள லேப்கள் வாங்கிக்கொள்ளும்.